கொள்கையும் தேர்தலும்: பண்டாரநாயக்கா முதல் ஸ்ராமர் வரை

2020ஆம் ஆண்டு பெப்ரவரி மாதக் கடைசியில் ஒரு நாள் காலை, இரவு வேலை முடிந்து வந்த கையோடு, ஆங்கிலத் துண்டுப்பிரசுரம் ஒன்றின் ஆறாவது பந்தியைத் தமிழில் எழுதி முடித்தேன். பன்னிரண்டு பிரதிகள் எடுத்தேன். மேற்கு லண்டனில் சான்ட்விச் செய்யும் தொழிற்சாலையொன்றில் எங்கள் இரவு ஷிப்ற்றில் அப்போது பன்னிரண்டு தமிழர்கள் இருந்தோம் என்பதே அந்தக் கணக்குக்குக் காரணம். பதின்மூன்றாவதாக ஒரு பிரதி எடுத்து, எங்கள் வீட்டு மேல் அறையில் தங்கியிருந்த, என் மனைவியின் ஊரைச் சேர்ந்த பையனுக்கும் கொடுத்தேன். தஞ்சக் கோரிக்கை நிராகரிக்கப்பட்டு, சில வாரங்கள் தடுப்பு நிலையத்தில் இருந்து வெளியே வந்தவன் அவன். வேலை செய்ய அனுமதி இல்லை. மனைவியும் மகளும் வன்னியில்.

அந்தத் துண்டுப்பிரசுரம் பிரித்தானியத் தொழிற்கட்சியின் தலைமைப் பதவிக்குப் போட்டியிட்ட கியர் ஸ்ராமர் வெளியிட்ட பத்து வாக்குறுதிகள். ஆறாவது வாக்குறுதி குடிவரவாளர் பற்றியது. இரக்கமும் கண்ணியமும் கொண்ட குடிவரவு முறை, ஐரோப்பியப் பிரசைகளுக்கு முழு வாக்குரிமை, சுதந்திர நடமாட்டத்தைப் பாதுகாத்தல், கால வரையறையற்ற தடுத்துவைப்புக்கு முடிவு, யாள்ஸ் வூட் போன்ற தடுப்பு நிலையங்களை மூடக் கோருதல் என்பன அதன் சாரம். தொழிற்சங்கத்தின் ஊடாக எனக்கும் ஒரு வாக்குச்சீட்டு வந்திருந்தது. றெபேக்கா லோங் பெய்லி, லீசா நண்டி, ஸ்ராமர் என்று மூவர் எஞ்சியிருந்தனர். நான் ஸ்ராமருக்கு வாக்களித்ததோடு நில்லாமல், வாக்குரிமை இருந்த மற்றவர்களையும் அவருக்கே போடச் சொன்னேன். விரிவுரை மண்டபத்தை விட்டு வந்து பல வருடங்களாகியும், நான்கு பேர் காது கொடுத்தால் வாய் சும்மா இருப்பதில்லை.

ஊரில் நான் அரசறிவியல் படிப்பித்தவன். வேட்பாளரின் வாக்குறுதியை எப்படி வாசிக்க வேண்டும் என்பதை வருடா வருடம் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்துச் சம்பளம் வாங்கியவன். ஆகவே நான் ஏமாந்தேன் என்று எழுதினால் அது பாதி உண்மைதான். மீதிப் பாதியை விளங்கிக்கொள்ளும் முயற்சியே இக்கட்டுரை.

முதலில் ஒரு விடயத்தைத் தெளிவாக்கிக்கொள்வோம். அந்த ஆறாவது பந்தி ஒரு பொய்யன் எழுதியதல்ல. ஸ்ராமர் மனித உரிமைச் சட்டத்தரணியாக நீண்ட காலம் தொழில் செய்தவர். 2003இல், நாட்டுக்குள் வந்தவுடன் விண்ணப்பிக்கவில்லை என்ற காரணம் காட்டித் தஞ்சம் கோரியோருக்கான தங்குமிடத்தையும் உதவிப் பணத்தையும் ரோனி பிளேயரின் அரசாங்கம் நிறுத்தியபோது, நீதிமன்றத்தில் அகதிகளின் பக்கம் நின்று வாதாடிய சட்டத்தரணிகளுள் அவரும் ஒருவர். அதாவது, தன் சொந்தக் கட்சியின் அரசுக்கு எதிராக. நாம் யார், எங்கள் நிலை என்ன என்பது அவருக்கு யாரும் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

நிற்க. எமது நாட்டில் இதற்கு ஈடான ஒருவரை நாம் நன்கு அறிவோம்.

எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்கா ஒக்ஸ்போர்ட்டில் படித்துத் திரும்பிய இளைஞராக, 1926இல் இலங்கைக்குச் சமஷ்டி ஆட்சியே பொருத்தமானது என்று 'சிலோன் மோணிங் லீடர்' பத்திரிகையில் ஆறு கட்டுரைகள் எழுதினார். அதே ஆண்டு யாழ்ப்பாணம் வந்து அதே கருத்தைப் பேசினார். தமிழரசுக் கட்சி பிறப்பதற்கு இருபத்துமூன்று வருடங்களுக்கு முன்னர், தமிழ்த் தலைவர்களே சமஷ்டியைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாத காலத்தில், ஒரு சிங்களப் பிரபு குடும்பத்து இளைஞர் அதைச் சொன்னார். 1951இல் அவர் ஐக்கிய தேசியக் கட்சியிலிருந்து விலகி ஸ்ரீ லங்கா சுதந்திரக் கட்சியை ஆரம்பித்தபோதும், ஆங்கிலத்தின் இடத்தில் சிங்களமும் தமிழும் அரசகரும மொழிகளாக வேண்டும் என்பதே கட்சியின் நிலைப்பாடு. 1952 தேர்தலில் அக்கட்சிக்குக் கிடைத்தவை ஒன்பது ஆசனங்கள்.

1955 டிசம்பரில் கட்சி மாநாடு தனிச்சிங்களத்தை ஏற்றுக்கொண்டது. தமிழுக்கு 'நியாயமான உபயோகம்' என்று ஒரு வால் மாத்திரம் மிஞ்சியது. 1956 ஏப்ரல் தேர்தலில் அவர் தலைமையிலான மக்கள் ஐக்கிய முன்னணி 95 ஆசனங்களில் 51ஐ வென்றது. ஜூன் 5ஆம் திகதி தனிச்சிங்கள மசோதா சபைக்கு வந்தது. அன்றுதான் காலிமுகத்திடலில் சத்தியாக்கிரகிகள் அடிக்கப்பட்டனர்.

நான் படிப்பித்த காலத்தில் ஒரு மாணவி கேட்டாள்: "சேர், 1926இல எழுதினதை அவர் உண்மையா நம்பினவரோ?" சந்தர்ப்பவாதம் என்று ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லி அடுத்த தலைப்புக்குப் போய்விட்டேன். இன்று கேட்டால் அப்படிச் சொல்லமாட்டேன். நம்பினார் என்றே நினைக்கிறேன். அவர் நம்பிக்கை எங்கும் போய்விடவில்லை என்பதற்கு 1957 ஜூலை 26ஆம் திகதிய பண்டா-செல்வா ஒப்பந்தமே சாட்சி. பிரதேச சபைகள் என்ற ஏற்பாட்டை, தேர்தல் முடிந்து ஒன்றேகால் வருடத்தில், எதிர்த்துப் போராடியவர்களோடு உட்கார்ந்து அவரே எழுதிக் கையெழுத்திட்டார். அதாவது, பதவிக்குப் போகும் வழியில் இறக்கி வைத்த மூட்டையை, பதவிக்கு வந்தபின் திரும்பிப்போய் எடுக்கலாம் என்று எண்ணியிருக்கிறார்.

எடுக்க முடியவில்லை. ஏன்? அவரது தேர்தல் மேடைப் பேச்சைக் கேட்டவர்கள் அதை உண்மையென்று நம்பிவிட்டார்கள். பிக்குகளும் சுயபாஷை ஆசிரியர்களும் ஆயுர்வேத வைத்தியர்களும் கிராமம் கிராமமாக நடந்து அவருக்கு வாக்குச் சேர்த்தவர்கள். அவர்களுக்கு 1926ஆம் ஆண்டுக் கட்டுரைகள் தெரியாது. 1956 மேடைதான் தெரியும். 1958 ஏப்ரல் 9ஆம் திகதி றொஸ்மீட் பிளேஸிலுள்ள அவரது வீட்டு வாசலில் பிக்குகள் வந்து உட்கார்ந்தபோது, அவர்கள் தமக்குத் தரப்பட்ட வாக்கை வசூலிக்க வந்தவர்கள். ஒப்பந்தம் அன்றே கைவிடப்பட்டது. அடுத்த மாதம் நடந்தது எமக்குத் தெரியும். 1959 செப்டம்பரில் அவரைச் சுட்டவரும் ஒரு பிக்குவே.

இந்தக் கதையில் நாம் அடிக்கடி மறந்துவிடும் இன்னொரு பாத்திரம் சேர் ஜோன் கொத்தலாவலை. 1954இல் யாழ்ப்பாணம் வந்து இரு மொழிகளுக்கும் சம அந்தஸ்து என்று வாக்களித்தவர் அவர். தெற்கில் எழுந்த எதிர்ப்பைக் கண்டு பயந்து, 1956 பெப்ரவரியில் களனி மாநாட்டில் அவரது ஐக்கிய தேசியக் கட்சியும் தனிச்சிங்களத்துக்கு மாறியது. இரண்டு மாதத்தின் பின் அக்கட்சிக்குக் கிடைத்தவை எட்டு ஆசனங்கள். ஒரே கடைச்சரக்கை இருவர் விற்றால், முதலில் கடை திறந்தவனிடமே சனம் போகும். களனியை மனதில் வைத்துக்கொண்டு லண்டனுக்குத் திரும்புவோம்.

ஸ்ராமர் 2020 ஏப்ரல் 4ஆம் திகதி 56 வீத வாக்குகளுடன் முதற் சுற்றிலேயே வென்றார். பின்னர் அந்தப் பத்து வாக்குறுதிகள் ஒரே நாளில் கிழிக்கப்படவில்லை, ஒவ்வொன்றாகக் கழன்றன. 2022 நவம்பரில் பேர்மிங்காமில் முதலாளிகள் சங்க மாநாட்டில் பேசும்போது, நாடு குடிவரவில் தங்கியிருக்கும் நிலை மாறவேண்டும் என்றார். சுதந்திர நடமாட்டம் அதற்கு முன்னரே கைவிடப்பட்டிருந்தது. 2023 மே மாதத்தில் பல்கலைக்கழகக் கட்டண ஒழிப்புப் போனது. வருமானத்தில் மேலேயுள்ள ஐந்து வீதத்தினருக்கு வரியைக் கூட்டுவது போனது. தண்ணீரும் மின்சாரமும் பொதுவுடைமையாவது போனது. பிரபுக்கள் சபையை ஒழிப்பது, உடனடிக் காரியமாக, பரம்பரைப் பிரபுக்களை அகற்றுவதாகச் சுருங்கியது. ஒவ்வொரு முறையும் காரணம் சொல்லப்பட்டது: கொவிட், உக்ரேன் போர், 2022 இலையுதிர் காலத்தில் லிஸ் ட்ரஸ் பொருளாதாரத்துக்குச் செய்த சேதம். இவை பொய்க் காரணங்கள் அல்ல. ஆனால் கால வரையறையின்றி ஒருவரை அடைத்து வைப்பதை நிறுத்துவதற்குத் திறைசேரியில் பணம் வேண்டியதில்லை. 2024 ஓகஸ்ட்டில், ஆட்சிக்கு வந்து ஏழு வாரத்துக்குள், மூடிக்கிடந்த கம்ப்ஸ்பீல்ட், ஹஸ்லார் ஆகிய இரு தடுப்பு நிலையங்களை மீண்டும் திறக்கப்போவதாக அரசு அறிவித்தது.

எங்கள் தொழிற்சங்கக் கிளையின் செயலாளர், நல்ல மனிதர், இதையெல்லாம் கேட்டுவிட்டுச் சொன்னார்: "ஆட்சியில் இல்லாதவனின் கொள்கையைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டலாம், அவ்வளவுதான். கோர்பின் கொள்கையை விடவில்லை, 2019இல் 202 ஆசனத்தோடு வீட்டுக்குப் போனார்."

இந்த வாதத்தை நான் இலேசாகத் தள்ளிவிடவில்லை. ஆகவே எண்களை எடுத்துப் பார்த்தேன். 2019இல் கோர்பினின் கீழ் தொழிற்கட்சி எடுத்தது 32.1 வீதம். 2024 ஜூலை 4ஆம் திகதி ஸ்ராமரின் கீழ் எடுத்தது 33.7 வீதம், ஆசனங்கள் 411. வித்தியாசம் ஒன்றரை வீதத்துக்குச் சற்று மேல். தலை எண்ணிக்கையில் பார்த்தால் 2019இல் ஒரு கோடியைத் தாண்டிய வாக்குகள் 2024இல் 97 இலட்சமாகக் குறைந்தன. கொன்சவேற்றிவ் கட்சியின் வாக்கு 43.6இலிருந்து 23.7 வீதமாகச் சரிந்ததும், வலதுசாரி வாக்கை 'றிபோர்ம்' கட்சி பிரித்ததுமே அந்த 411இன் பெரும்பகுதி. செயலாளர் இதற்கும் பதில் வைத்திருந்தார்: வாக்குகள் கூடவில்லை, ஆனால் கூடவேண்டிய தொகுதிகளில் கூடின. அது உண்மை. இந்த நாட்டின் தேர்தல் முறையில் எத்தனை பேர் போடுகிறார்கள் என்பதை விட எங்கே இருப்பவர்கள் போடுகிறார்கள் என்பதே பெரிது.

இங்கேதான் விடயத்தின் முடிச்சு இருக்கிறது. தலைமைக்குப் போட்டியிடும்போது ஸ்ராமரின் வாக்காளர்கள் கட்சி அங்கத்தவர்களும் என் போன்ற தொழிற்சங்க ஆதரவாளர்களும். வாக்களித்தவர்கள் ஏறத்தாழ நாலு இலட்சத்துத் தொண்ணூறாயிரம் பேர். அவர்களுக்கு இனித்த சொற்கள் அந்தப் பத்து வாக்குறுதிகளில் இருந்தன. பிரதமர் பதவிக்குப் போட்டியிடும்போது அவரது வாக்காளர்கள் வேறு. இங்கிலாந்தின் வடக்கிலும் மத்தியிலும் கட்சி மாறிப் போடக்கூடிய தொகுதிகளில் இருப்பவர்கள். ஒரே மனிதர், இரண்டு தேர்தல்கள், இரண்டு வேறு சபைகள். முதற் சபைக்குக் கொடுத்த வாக்கை இரண்டாம் சபை கேட்கவே இல்லை.

நாம் எந்தச் சபையில் இருக்கிறோம்? இலங்கை பொதுநலவாய நாடு என்பதால், வதிவிட அனுமதி கிடைத்த நாளிலிருந்தே எமக்கு இங்கே பாராளுமன்றத் தேர்தலில் வாக்குண்டு. பிரித்தானியப் பிரசையாக வேண்டியதில்லை. ஆப்கானியருக்கும் எரித்திரியருக்கும் இல்லாத வசதி இது. ஆனால் நாம் செறிந்து வாழும் லண்டன் தொகுதிகள் பலவற்றில் தொழிற்கட்சி எப்படியும் வெல்லும் என்று கட்சிக் காரியாலயம் எண்ணுகிறது. ஏற்கெனவே பெட்டிக்குள் விழுந்துவிட்டதாகக் கணக்கெடுக்கப்பட்ட வாக்குக்கு விலை கிடையாது. 1956இல் சுதந்திரக் கட்சி வடக்கில் ஒரு ஆசனத்தையும் எதிர்பார்க்கவில்லை. தமிழரின் வாக்கை இழப்பதால் பண்டாரநாயக்கா எதையும் இழக்கவில்லை. ஒருவருக்கு எமது வாக்கு ஒருபோதும் வராது, மற்றவருக்கு எப்போதும் வரும். இரண்டு கணக்கிலும் நாம் ஒரே இடத்தில்தான் நிற்கிறோம்.

நியாயத்துக்காக மறுபக்கத்தையும் எழுதவேண்டும். றுவண்டாவுக்கு அகதிகளை அனுப்பும் திட்டத்தை ஆட்சிக்கு வந்தவுடன் ஸ்ராமர் நிறுத்தினார். புகையிரதச் சேவையைப் பொதுவுடைமைக்குக் கொண்டுவரும் சட்டம் 2024 முடிவதற்குள் நிறைவேறியது. தொழிலாளர் உரிமைச் சட்டம் 2025 டிசம்பரில் வந்தது. அதிலும், முதல் நாளிலிருந்தே அநீதியான பணிநீக்கத்துக்கு எதிரான பாதுகாப்பு என்றிருந்தது ஆறு மாதமாகக் குறைந்துதான் வந்தது; எனினும் முன்னர் அது இரண்டு வருடம். எங்கள் தொழிற்சாலையில் ஐந்தாம் மாதத்தில் நிறுத்தப்படுவது எத்தனை பேர் என்பதைப் பொறுத்திருந்து பார்க்கலாம்! இருந்தாலும் வந்தது வந்ததுதான். எந்த வாக்குறுதிகள் உயிரோடு கரை சேர்ந்தன என்று பாருங்கள். புகையிரதத்துக்கும் வேலையுரிமைக்கும் பின்னால் தொழிற்சங்கங்கள் இருந்தன. அவை கட்சிக்குப் பணம் கொடுப்பவை, மாநாட்டில் வாக்குள்ளவை, மாதாமாதம் கதவைத் தட்டிக் கேட்பவை. ஆறாவது வாக்குறுதிக்குப் பின்னால் கதவைத் தட்ட எவரும் இருக்கவில்லை. றொஸ்மீட் பிளேஸ் வாசலில் போய் உட்காரத் தெரிந்தவர்களுக்கே அன்றும் வாக்குறுதி நிறைவேறியது.

(1994இல் நிறைவேற்று ஜனாதிபதி முறையை ஒழிப்பேன் என்று 62 வீத வாக்கெடுத்து, பதினொரு வருடம் அதே கதிரையில் இருந்து, கதிரையை அப்படியே அடுத்தவருக்குக் கொடுத்துவிட்டுப் போன சந்திரிகாவைப் பற்றி எழுதப் புகுந்தால் அது தனிக் கட்டுரையாகும்.)

2025 மே 1ஆம் திகதி இங்கிலாந்தின் உள்ளூராட்சித் தேர்தலில் றிபோர்ம் கட்சி 677 ஆசனங்களையும் பத்துச் சபைகளையும் கைப்பற்றியது. பதினொரு நாள் கழித்து, குடிவரவு பற்றிய வெள்ளை அறிக்கையை வெளியிட்டுப் பேசிய ஸ்ராமர், நாடு அந்நியர்களின் தீவாக மாறிவிடும் ஆபத்து இருப்பதாகச் சொன்னார். அறிக்கை முன்னரே தயாராகியிருக்கும். ஆனால் அந்தச் சொல் எந்தக் கடைச்சரக்கு என்பது கேட்டவர்களுக்கெல்லாம் விளங்கியது. ஜூன் மாதக் கடைசியில், அப்படிச் சொன்னதற்காக ஆழ்ந்து வருந்துவதாகப் பத்திரிகைப் பேட்டியொன்றில் கூறினார். அந்த வருத்தத்தை நான் நம்புகிறேன். 2003இல் வாதாடிய மனிதர் எங்கோ உள்ளே இருக்கிறார். பண்டாரநாயக்காவுக்குள்ளும் 1926 இருந்தது.

ஆனால் சொல் வருந்தினாலும் சட்டம் வருந்துவதில்லை. செப்டம்பர் 1ஆம் திகதி உள்துறை அமைச்சர் இவெற் கூப்பர், அகதிகளின் குடும்ப ஒன்றிணைவு விண்ணப்பங்களை நிறுத்துவதாகப் பாராளுமன்றத்தில் அறிவித்தார். 4ஆம் திகதியிலிருந்து புதிய விண்ணப்பம் ஏற்கப்படவில்லை. நவம்பரில், அவர் இடத்துக்கு வந்த சபானா மஹ்மூத், அகதி அந்தஸ்தை இரண்டரை வருடத்துக்கொருமுறை மீளாய்வு செய்வது, நிரந்தர வதிவிடத்துக்கு இருபது வருடம் காத்திருக்க வைப்பது என்ற திட்டத்தை வெளியிட்டார். கடன் வாங்கி, காணி விற்று, ஐந்து வருடம் என்று எண்ணி எண்ணி வாழ்ந்த எங்கள் தலைமுறைக்கு, இருபது வருடம் என்றால் என்னவென்று நான் விளக்க வேண்டியதில்லை.

மேல் அறைப் பையனுக்கு 2025 ஜூலையில் மேன்முறையீட்டில் அனுமதி கிடைத்தது. ஓகஸ்ட்டில் எங்கள் தொழிற்சாலையிலேயே ஏஜென்சி மூலம் சேர்த்துவிட்டேன். திருமணப் பதிவையும் மகளின் பிறப்புச் சான்றிதழையும் ஊரிலிருந்து எடுத்து, மொழிபெயர்த்து, விண்ணப்பத்தைப் போடுவதற்குச் செப்டம்பர் 8ஆம் திகதி சட்டத்தரணியிடம் நாள் எடுத்திருந்தோம். நாலு நாள் வித்தியாசம்.

மற்றெல்லோருக்கும் உள்ள சாதாரண குடும்ப விசா வழியில் கூப்பிடலாம் என்று அரசு சொல்கிறது. அதற்கு வருட வருமானம் 29,000 பவுண் காட்டவேண்டும். எங்கள் தொழிற்சாலையில் அடிமட்டச் சம்பளம் சட்டப்படியான ஆகக் குறைந்த கூலி. 2025 ஏப்ரலிலிருந்து அது மணித்தியாலத்துக்கு 12 பவுண் 21 பென்ஸாக இருந்தது. கிழமைக்கு நாற்பது மணித்தியாலம், ஐம்பத்திரண்டு கிழமையும் ஒரு நாளும் தவறாமல் வேலை செய்தால் 25,397 பவுண். மூவாயிரத்து அறுநூறு பவுண் துண்டுவிழுந்தது.

கன்ரீனில் இந்தக் கணக்கை ஒரு பழைய ரைம்சீற்றின் பின்புறத்தில் போட்டுக் காட்டினேன். அவன் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சேர், நீங்கள் அப்ப தந்த அந்தத் தாள் இன்னும் என்னட்டை இருக்கு" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. நான் ஒன்றும் சொல்லாமல் கணக்கைத் தொடர்ந்தேன். கிழமைக்கு இன்னும் ஆறு மணித்தியாலம் ஓவர்ரைம் கிடைத்தால் சரிவரும். எழுந்து போய் ஞாயிறு ஷிப்ற் இருக்கிறதா என்று சுப்பவைசரிடம் கேட்டான். வெள்ளிக்கிழமை ஏஜென்சி அறிவிக்கும் என்றார்கள்.